பிறந்த வீட்டுக் கோடி

"நீ போடாதை, வினோ. கொண்டுபோய் அவரிட்டைக் குடு," என்றாள் மங்கையற்கரசி.

வினோஜன் தாயின் கையிலிருந்த சேலைப் பையை வாங்கினான். ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகர மயானத்தின் சிறிய மண்டபத்தில் பெட்டி திறந்திருந்தது. உள்ளே அவன் மனைவி யோஹானா; மங்கையற்கரசிக்கு யோகா. முப்பத்திரண்டு வயது. போன வியாழன் காலை பதினொரு மணிக்கு மருத்துவமனையில் இறந்தாள்.

"கோடிச்சேலை பிறந்த வீட்டார்தான் போடவேணும். அந்த மனிசன் வெறுங்கையோட வந்து நிக்குது. அதுதான் நானே வாங்கினனான். அவர் கொண்டுவந்ததா இருக்கட்டும்."

அந்த மனிதர் கடைசி வரிசையில் தனியே நின்றார். யோஹானாவின் தந்தை கான்ராட். ஒரு பழைய சிற்றரசுக் குடும்பத்தின் பட்டத்து இளவரசர். அரசு போய் நூறு வருடமாகிவிட்டது. பட்டம் அந்த வீட்டுக்குள் மட்டும் மிஞ்சியிருந்தது. அவருடைய தகப்பன் தொண்ணூற்று மூன்று வயதிலும் குடும்பத் தலைவராக இருந்தார். அறுபத்தைந்து வயதான மகன் முறைக்குக் காத்திருந்தார். காத்திருந்த காலத்தில், சொந்தக் கோட்டையை நுழைவுச்சீட்டு வாங்கி வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டினார்.

கிழவரின் சம்மதமில்லாமல் யாரும் மணம் முடிக்கக்கூடாது என்பது அந்த வீட்டின் விதி. வினோஜனுக்குச் சம்மதம் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர் திரும்பி வரவேண்டாம் என்று கிழவர் சொன்னார். கான்ராட் போகவில்லை. ஐந்து வருடம் மகளுடன் பேசவுமில்லை.

முன்வரிசையில் விஜயரத்தினம் மாமா பக்கத்திலிருந்தவரிடம் சரிந்தார்.

"இவர்தானோ இளவரசர்? நான் குதிரையில வருவாரெண்டெல்லோ பாத்தன்."

"உடுப்பைப் பாத்தியளோ அண்ணை? முழங்கையில ஒட்டுப் போட்டிருக்கு."

"செத்தவீட்டிலயும் உங்கட வாய் ஓயாதோ?" மங்கையற்கரசி திரும்பாமலே சொன்னாள். "அது என்ர மருமகளின்ர தேப்பன்."

வினோஜன் கான்ராட்டிடம் போய், எங்கள் வழக்கம் என்று ஜெர்மனில் விளக்கினான். அவர் பைக்குள் பார்த்தார்.

"இதை நான் வாங்கவில்லையே."

"அம்மா வாங்கினா. நீங்கள் போட்டால் போதும்."

அவர் சேலையை விரித்தார். அது நினைத்ததைவிட நீளமாக இருந்தது. ஒரு முனை தரையில் விழுந்தது. குனிந்து எடுத்துத் தூசி தட்டினார். யோஹானாவின் கழுத்துவரை இழுத்துவிட்டு, மறுபக்கம் போய்ப் பாதங்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு நிமிராமலே கேட்டார்.

"என்னைக் கேட்டாளா?"

கேட்டாள். திங்கட்கிழமை கேட்டாள். "அப்பாவைக் கூப்பிடு," என்றாள். இலக்கம் அவனிடம் இருந்தது. தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்குப் போனான். அங்கிருந்த இயந்திரத்தில் ஒரு கோப்பி எடுத்தான். நின்று முழுவதையும் குடித்தான். ஐந்து வருடமாக ஒரு வார்த்தை பேசாத ஆள் முதலில் கூப்பிடட்டும் என்று நினைத்தான். வைத்தியர் இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன என்று சொல்லியிருந்தார். உள்ளே போய், "அவர் எடுக்கவில்லை," என்றான். செவ்வாய்க்கிழமையும் கேட்டாள். அன்றும் அதையே சொன்னான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

வியாழன் பதினொன்றேகாலுக்குத்தான் அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தார். இரண்டரை மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து நின்றார். உடனே சொன்னதற்கு நன்றி என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியில் மயக்கமாகவே இருந்தாள்," என்றான் வினோஜன். "ஒருவரையும் கேட்கவில்லை."

கான்ராட் தலையாட்டினார். "நியாயம்தான்," என்றார். பின்வரிசைக்குத் திரும்பிப் போனார்.

வாய்க்கரிசித் தட்டுடன் மங்கையற்கரசி வந்தாள்.

"என்னவாம் கேட்டவர்?"

"ஒண்டுமில்லை அம்மா."

"யோகா தன்னைத் தேடினவவோ எண்டு கேட்டிருப்பார். தேப்பனுக்கு வேற என்ன கேள்வி?"

அவன் தட்டுக்குக் கையை நீட்டினான்.

"நீ என்ன சொன்னனி?"

அரிசியை அள்ளினான். கை வியர்த்திருந்தது.

"திங்கக்கிழமை நான் கட்டிலடியில இருந்தனான், வினோ. அவ கேட்டது எனக்கும் கேட்டது." குரலை இன்னும் தாழ்த்தினாள். "நீ கோப்பி மணத்தோட வந்ததும் தெரியும். உன்ர கவலை உனக்கெண்டு பேசாமல் இருந்திட்டன். அது என்ர பிழை. போடு. சனம் நிக்குது."

அரிசியைப் போட்டான். பாதிக்கு மேல் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. விரலால் வழித்து, மீண்டும் போட்டான். பெண்கள் அழுதார்கள். பெட்டியை மூடினார்கள்.

வெளியே எல்லோரும் அவன் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். "நீர் நல்லாப் பாத்தனீர் தம்பி. ஆர் இந்தக் காலத்தில இப்பிடிப் பாப்பினம்?" என்றார் விஜயரத்தினம். வினோஜன் கையை உருவிக்கொண்டு கார்கள் நின்ற பக்கம் நடந்தான்.

கான்ராட் தன் காரின் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"கேட்டாள்," என்றான் வினோஜன். "திங்கட்கிழமை. நான் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்கள் எடுக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன்."

அவர் அவனைப் பார்த்தார்.

"ஒரு தரமா?"

"இரண்டு தரம்."

"அவள் என்ன சொன்னாள்?"

"தாத்தா பக்கத்தில் இருப்பார், அதனால்தான் எடுக்கவில்லை என்றாள்."

கான்ராட் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். இயந்திரம் இயங்கியது. அவர் கை பட்டு, கண்ணாடித் துடைப்பான்களும் ஆடத் தொடங்கின. நல்ல வெயில். காய்ந்த கண்ணாடியில் அவை கிறீச்சிட்டுப் போய் வந்தன. அவர் அவற்றை நிறுத்தவில்லை. கார் நகரவுமில்லை.