புதன்கிழமை விருந்து

ஜப்பானிய விருந்தாளி குரோகாவா கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் முன்னால் தாம்பாளம் அகலத்துக்கு இன்ஜெரா என்ற புளித்தமாவுத் தோசை. அதன்மேல் வெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் பிசறிய வேகவைக்காத மாட்டுக் கொத்துக்கறி. எதிரே எத்தியோப்பிய அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையும் தட்டுக்குப் போகவில்லை.

விருந்தைச் செவ்வாய்க்கிழமைதான் வைத்திருந்தார்கள். புதுக் கம்பளம் வந்து சேரவில்லையென்று துணை அமைச்சர் தெஸ்ஸேமா ஒரு நாள் தள்ளிப்போட்டார். மறுநாள் புதன், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாள், இறைச்சியைத் தொடக்கூடாது என்பது அமைச்சகம் முழுக்கத் தெரியும். அதை அவரிடம் சொல்வது யார் வேலை என்றுதான் தெரியவில்லை.

மெத்தெமா ஊர் எள் விவசாயிகள் சங்கத் தலைவி எத்தெனேஷ் குரோகாவாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சிமருந்து கலந்திருக்கிறதென்று போன வருட எள்ளை ஜப்பான் திருப்பியனுப்பிவிட்டது. இந்த வருட எள் கிடங்கில் கிடக்கிறது. இவர்கள் விற்பதை நம்பி வாயில் போடலாமா என்று பார்க்கத்தான் குரோகாவா வந்திருக்கிறார். இதுவும் போனால் கடனுக்கு விற்றது போக ஊரில் உழவுமாடு மிஞ்சாது.

குரோகாவா ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பிஸ்ரத் குரலைத் தாழ்த்தினார். "நீங்க யாரும் ஏன் சாப்பிடலன்னு கேக்கறாருய்யா."

"நாங்க சாப்பிட்டாச்சுன்னு சொல்லு," என்றார் துணை அமைச்சர்.

"எல்லாருமா, இதே கறியையான்னு கேக்கறாரு."

குரோகாவா தட்டை இரண்டு விரல்கடை தள்ளி வைத்தார்.

"ஐயா, விரதம்னு சொல்லிடுங்களேன்," என்றாள் எத்தெனேஷ்.

"சொன்னா? தன் நாட்டுப் புதன்கிழமையே தெரியாத அமைச்சகமான்னு சிரிக்க மாட்டான்?" உதட்டில் சிரிப்பு கலையாமல் சீறிய அமைச்சர், பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார். "டேய் ஜெமால், நீ முஸ்லிம்தானே, உனக்கேது விரதம்? அவர் பாக்க ஒரு வாய் போடு."

"விரதம் இல்லீங்கய்யா. ஆனா இது உங்க கிறிஸ்தவ ஆளுங்க அறுத்த மாடு. தின்னேன்னா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க."

"நம்ம ஆபீஸ் பெந்தெகொஸ்தே ஆளு எங்க? அவனுக்கு விரதமே கிடையாதே."

"போன மாசம் நீங்கதானேய்யா அவர எல்லைக்குத் தூக்கியடிச்சீங்க," என்றார் ஒரு அதிகாரி.

அமைச்சரின் பார்வை வரிசையில் ஊர்ந்து எத்தெனேஷிடம் நின்றது. "எள்ளு உன்னோடதுதானேம்மா? நீ சாப்பிடு. பாவமன்னிப்புக்கு நானே பாதிரியார்கிட்ட சொல்றேன்."

விருந்தைப் படம்பிடிக்க வந்திருந்த தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவை அவள் பக்கம் திருப்பினார்கள். குரோகாவா மணி பார்த்தார்.

எத்தெனேஷ் எழுந்தாள். இன்ஜெராவில் ஒரு துண்டு கிழித்து, கொத்துக்கறியைத் தாராளமாக அள்ளிச் சுருட்டினாள். வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டது. சுருட்டியதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மேசையைச் சுற்றி நடந்து அமைச்சரின் முன்னால் போய் நின்றாள்.

"எங்க சங்கத்து சார்பா ஒரு வாய், ஐயா."

அந்த நாட்டில் பிரியமாக ஊட்ட வரும் கையைத் தட்டிவிட்டவனை ஊர் மன்னிக்காது. அதுவும் கேமரா முன்னால்.

குரோகாவா நன்றாகப் பார்ப்பதற்காக நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அமைச்சரின் சிரிப்பு அப்படியே இருந்தது. பற்கள் மட்டும் கிட்டித்திருந்தன. அவற்றுக்கு ஒரு விரல் தூரத்தில் உருண்டை நின்றது. அதிலிருந்து உருகிய வெண்ணெய் அவருடைய டையில் சொட்டியது.