பாஸானவன் பேச்சு

மருந்துக் கிடங்குல ரெண்டு வருஷமா டெம்பரரியா பெட்டி அடுக்கினவ நான். தூக்க மாத்திரை வைக்கிற பூட்டு ரூமுக்கு நிரந்தரமா ஒரு ஆள் எடுக்கிறாங்கன்னதும் எழுதிப் போட்டேன். வீட்டுக்காரர் முதுகு போய் படுத்த படுக்கையா கிடக்கார், எனக்கு அந்த வேலை கிடைச்சே ஆகணும். என் கொழுந்தனும் போட்டான். வீட்டுல அவனுக்குப் பேரே புளுகுமூட்டை. சாப்பிட்டியாடான்னு கேட்டா அதுக்கும் ஒரு பொய் வச்சிருப்பான்.

இந்தத் தடவை மேனேஜர் பொய் கண்டுபிடிக்கிற மிஷினைக் கொண்டுவந்துட்டார். அதுல பாஸானாத்தான் சாவி.

ஜன்னல் இல்லாத ரூம். விரல்ல கிளிப், நெஞ்சைச் சுத்தி ரப்பர் குழாய், கையில பிரஷர் பார்க்கிற பட்டை. மிஷின்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"நம்பினவங்ககிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கீங்களா?"

"ஆமா."

அப்பதான் என் பக்கம் திரும்பினார். "ஆமாவா?"

"பின்னே? குடும்பம் நடத்துறவ சார்."

அடுத்து, வேலை பார்த்த இடத்துல எதையாவது திருடினதுண்டான்னு கேட்டார். இல்லைன்னேன். ஆனா நெஞ்சு தடதடன்னு அடிச்சுது. முன்னாடி வேலை பார்த்த கடையில எவனோ பண்ணின திருட்டுக்கு, எல்லார் முன்னாடியும் என் பையைக் கொட்டிப் பார்த்தாங்க. திருட்டுங்கிற வார்த்தை காதுல விழுந்தாலே எனக்கு வேர்த்துடும்.

ஃபெயில். நிரந்தரமும் இல்லை, இருந்த டெம்பரரியும் போச்சு.

விடுவேனா, மிஷின்காரரை வாசல்ல மறிச்சுக் கேட்டேன். மனுஷன் ஒளிக்காம சொன்னார். "முதல் கேள்விக்கு எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்கம்மா. அது பொய்னு எனக்கும் தெரியும். அந்தப் பொய்க்கு கம்ப்யூட்டர்ல கோடு எவ்வளவு எகிறுதோ, அதை வச்சுத்தான் திருட்டுக் கேள்வியை அளப்பேன். இது அதைவிட எகிறினா ஃபெயில். நீங்க உண்மையைச் சொன்னதால எனக்கு அளக்க ஒண்ணும் இல்லாம போச்சு."

உண்மையைச் சொன்னது என் தப்பாம்.

புளுகுமூட்டை பாஸ். "முதல் கேள்விக்கு இல்லைன்னேன், லேசா உதறிச்சு அண்ணி. அப்புறம் பழகிடுச்சு"ன்னு சிரிச்சான்.

கொஞ்ச நாள் கழிச்சு வீடு பெருக்கும்போது அவன் கட்டிலுக்கு அடியில துடைப்பம் இடிச்சுது. இழுத்துப் பார்த்தா பெட்டி நிறைய தூக்க மாத்திரை, கிடங்கு ஸ்டிக்கரோட. வீட்டு மானம் போகுமேன்னு ஒரு பக்கம் பயம்தான். ஆனா அங்கே சரக்கு குறைஞ்சா என்கூடப் பெட்டி அடுக்கின பொண்ணுங்க தலையிலதான் விடியும். பெட்டியைப் பையில போட்டுக்கிட்டு நேரா மேனேஜர்கிட்ட போய் மேஜை மேல வச்சேன். எங்கே இருந்துச்சுன்னும் சொன்னேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவர் பாஸ்மா. நீங்க ஃபெயில்."

"அதனால?"

"இது உங்க கையில எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கணும் இல்லையா? பையைக் கொஞ்சம் கொட்டுங்க."

மறுபடியும் கொட்டினேன். சீப்பு, பஸ் டிக்கெட், வீட்டுக்காரரோட தைலம். அவமானத்துல கை நடுங்குச்சு. அந்த நடுக்கத்தையும் அவர் உத்துப் பார்த்தார்.

அப்புறம் பெட்டியை அடையாளம் பார்க்க பூட்டு ரூம் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். சாவிக்கொத்தோட என் கொழுந்தன் வந்து நின்னான்.

"இந்தப் பெட்டியை இங்கே அடுக்குறவங்க யாரோதான் எடுத்திருக்கணும் சார்"னு என் முகத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னான். குரல் கொஞ்சம்கூட உதறலை.