ஒழுகாத கூரை

ஷீட்டுக்காரர் போட்ட கூரை ஒழுகியதாகச் சரித்திரம் கிடையாது. யாரும் கேட்காவிட்டாலும் இதை அவரே சொல்லிக்கொள்வார். பட்டறை, கிடங்கு, மாவு மில், பேருந்து நிறுத்தம் என்று முப்பது வருஷத்தில் அவர் தகர ஷீட் ஏற்றாத இடமில்லை. வேலை முடிந்ததும் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி ஒரு மணி நேரம் தண்ணீர் அடிப்பார். கீழே ஒரு சொட்டு விழுந்தால் கூலி வேண்டாம் என்பார். விழுந்ததே இல்லை.

சொந்த வீட்டில் பின்பக்கத்துச் சமையல்கட்டுக்கும் அவர் கையால் போட்ட தகரம்தான். "மழைக்காலத்துல மட்டும் எங்க வீட்டுல சண்டையே வராது" என்று வருகிறவர்களிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார். மனைவி மட்டும் சிரித்ததில்லை.

அறுபதை நெருங்கும்போது ஒரு தொண்டு நிறுவனத்தின் அறிவிப்பு கண்ணில் பட்டது. வெளிநாட்டில், மழைக்காட்டுக்குள், ஆற்றோரம் ஒரு குடியிருப்பு. அங்கிருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, கைவேலை தெரிந்தவர்கள் இரண்டு மாதம் வந்து உதவ முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கூரை என்ற வார்த்தையைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"நம்ம மாடிப்படி விளக்கு எரியாம ஆறு மாசம் ஆச்சு. அதைப் பாக்க நேரமில்ல. கடல் தாண்டிப் போய்க் கூரை போடப் போறாராம்" என்றாள் மனைவி. சொன்னாளே தவிர, தைலம், மூட்டுவலி மாத்திரை எல்லாம் வைத்துப் பெட்டி கட்டிக்கொடுத்ததும் அவள்தான்.

அங்கே அவருக்கு வாயும் காதுமாக இருந்தவர் படகுக்காரர். துறைமுகத்தில் நம் ஆட்களோடு பல வருஷம் மூட்டை தூக்கியவர். நம் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கு ஒரே டீச்சர். நாற்பது வயதிருக்கும். பார்த்தால் காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு, ஆனால் குரல் வெண்கலம். அந்தம்மா வருகைப் பதிவு எடுத்தால் ஆற்றில் போகிறவன்கூட 'உள்ளேன்' என்று சொல்லிவிடுவான்.

டீச்சர் கேட்டது சின்ன உதவி. மூலையில் ஒரு கழி உளுத்துவிட்டது, அதை மாற்றித் தந்தால் ஓலையை நாங்களே வேய்ந்துகொள்வோம் என்றார். ஷீட்டுக்காரருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஒரு கழி மாற்றவா இவ்வளவு தூரம் வந்தோம்? நிறுவனத்திடம் பேசி, படகு படகாக ஷீட் வரவழைத்து, நல்ல ஓலையையும் சேர்த்துப் பிரித்துப் போட்டுவிட்டு, வெயிலில் வெந்து, ஐந்தே வாரத்தில் பளபளவென்று ஒரு தகரக் கூரையை ஏற்றி நிறுத்திவிட்டார். ஹோஸ் பைப் இல்லாததால் வாளி வாளியாக ஆற்றுத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். சொட்டு இறங்கவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு லேசாகத் தூறியது. டீச்சர் அண்ணாந்து பார்த்தபடி ஏதோ கேட்டார்.

"பெரிய மழையில சத்தம் எப்படி இருக்கும்னு கேக்குறாங்க" என்றார் படகுக்காரர்.

"ஒரு சொட்டு ஒழுகாதுன்னு சொல்லுங்க. இருபது வருஷத்துக்கு நான் கேரண்டி. அடுத்த வருஷம் நானே வந்து பாக்குறேன்."

படகுக்காரர் அப்படியே சொன்னார். டீச்சர் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தலையாட்டினார். அந்த நிறுவனம் ஆட்களை அனுப்புவது மழை குறைந்த இரண்டு மாதங்களில்தான். மீதிப் பத்து மாதம் அங்கே வானம் என்ன செய்யும் என்று ஷீட்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

அடுத்த வருஷம் மனைவியையும் கூட்டிக்கொண்டு, கூரையின் புகைப்படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு, தானாகவே புறப்பட்டார். முன்கூட்டிச் சொல்லாமல் போய் நின்று எல்லோரையும் அசத்த வேண்டுமாம்.

ஆற்று வளைவில் படகு திரும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. கரை தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்தது. லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற சத்தம்.

"என்ன அது?" என்றாள் மனைவி. ஓயாமல் பேசிக்கொண்டு வந்த படகுக்காரர் கரையைப் பார்த்துத் துடுப்பை வேகமாகப் போட்டார்.

பள்ளிக்குள் பிள்ளைகள் பெஞ்சுகளில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று ஷீட்டுக்காரர் கத்தினார். அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. டீச்சர் திரும்பிச் சிரித்து ஏதோ சொன்னார். மழை விட்டபிறகு மறுபடி சொன்னார். அப்போதும் வெறும் காற்றுதான் வந்தது.

படகுக்காரர்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தினம் மழை. பாதி நாள் ஒண்ணும் கேக்காது. அதுக்காகப் பாடத்தை விடுவாங்களா? கத்திக் கத்தியே நடத்தினாங்க. நாலாம் மாசம் தொண்டை கட்டிச்சு, அப்பவும் நிறுத்தல. டவுன் டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். இனிமே குரல் இவ்வளவுதான்னுட்டார்."

"பிரிச்சு எறிய வேண்டியதுதானே! ஓலைக்கா இங்க பஞ்சம்?" என்றார் ஷீட்டுக்காரர்.

டீச்சர் படகுக்காரரின் காதருகே குனிந்து முணுமுணுத்தார்.

"நாங்களும் அதைத்தான் சொன்னோம், இவங்க விடல. நமக்காக வெயில்ல வெந்து போட்ட மனுஷன், அவர் இல்லாதப்ப பிரிச்சா அவர் மனசு என்ன பாடுபடும், வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் பிரிக்கலாம்னாங்க."

ஷீட்டுக்காரருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்துகொண்டால் தேவலை என்றிருந்தது. ஒரு வார்த்தை கேட்பதற்காக ஒரு வருஷம் காத்திருந்திருக்கிறார்கள். அன்று சத்தத்தைப் பற்றி டீச்சர் கேட்டபோது அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

படகுக்காரர் வீட்டு முன்னறையில் நனைந்த துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள் மனைவி. சட்டம் போட்ட படம் பையைவிட்டு வெளியே வரவில்லை.

"சத்தம் எப்படி இருக்கும்னுதான் கேட்டாங்க. நான் ஒழுகாதுன்னு சொன்னேன்" என்றார் அவர்.

"எதைக் கேட்டாலும் அதைத்தானே சொல்லுவீங்க" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "நம்ம சமையல்கட்டுல மழை பெய்யறப்ப உங்களை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன் தெரியுமா? கையில வெந்நீர் கொட்டின அன்னிக்கும் கூப்பிட்டேன். அப்புறம் கூப்பிடுறதையே விட்டுட்டேன். நீங்க என்னடான்னா வீட்டுல சண்டையே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க."

அவர் எழுந்து படகுக்காரரிடம் ஏணி கேட்கப் போனார்.

மறுநாள் காலையிலேயே ஏணியைச் சாத்தினார். ஒவ்வொரு போல்ட்டாக அவரே கழற்றினார்; வேறு யாரையும் தொடவிடவில்லை. முறுக்கியபோது வராத வலி இப்போது மணிக்கட்டில் வந்தது. குடியிருப்பே சேர்ந்து ஓலை சுமந்து வந்து வேய்ந்தது. டீச்சர் முதலில் கேட்டாரே அந்த மூலைக் கழி, அதை மட்டும் அவர் தன் கையால் வெட்டி வைத்துக் கட்டினார்.

ஒன்பதாம் நாள் பாடம் நடக்கும்போதே மழை வந்தது. கொட்டித் தீர்க்கிற மழை. கணவனும் மனைவியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஓலை மழையை வாங்கிக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. சுண்ணாம்புக்கட்டி பலகையில் உரசுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

டீச்சர் திரும்பிப் பேச ஆரம்பித்தார். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் தலையாட்டினார்கள். இரண்டாம் பெஞ்சு முன்னால் சாய்ந்தது. ஷீட்டுக்காரர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். டீச்சரின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.