தடமில்லாக் குழி

ஸ்ரௌவ்வில் என்ற ஊரின் வட எல்லையில், புதிய வீடுகள் இன்னும் வந்து சேராத பழைய பண்ணை ஒன்று உண்டு. அதன் உரிமையாளர் ஸ்டெபனி, மண்ணுக்குள் உலோகம் தேடுவோர் எவரையும் படலைக்குள் விடுவதில்லை. முன்பு நாணயம் தேடி வந்த ஒருவன் தோண்டிய குழிகளை அப்படியே விட்டுப் போய்விட்டான். அவற்றுள் ஒன்றில் கால் வைத்த குதிரை நெடுநாள் நொண்டியது.

இதைக் கேட்ட பின்னும் தியாகலிங்கம் காரில் திரும்பி ஏறவில்லை. மல்வேர்னிலிருந்து உலோகம் காட்டும் கருவியும் மனைவியுமாக வந்தவர், முற்றத்துப் புற்றரையைக் காட்டி ஒரு பந்தயம் சொன்னார். மதியம்வரை அங்கே தோண்டுவார். தோண்டிய இடம் ஒன்றையேனும் ஸ்டெபனி கண்டுபிடித்தால் இந்தப் பக்கமே வரமாட்டார். கண்டுபிடிக்காவிட்டால், எவர் கருவியும் படாத பின்வளவு அப்பிள் தோட்டத்தில் அவர் தேட இடங்கொடுக்கவேண்டும். ஸ்டெபனி இசைந்து, எதையும் பாராமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

மனைவி ஜெயமலர் மேப்பிள் மரத்தடியில் மடிப்புக் கதிரையை விரித்து அமர்ந்தார்.

“ஆற்றையோ வளவுக்குள்ள கறள் பிடிச்ச ஆணி பொறுக்கிறதுக்கு உவ்வளவு எடுப்பே?”

“ஆணி எண்டாலும் எடுத்த இடம் தெரியக்கூடாது. அதுதான் வேலை.”

கருவி கூவிய இடத்தில் தியாகலிங்கம் புல்லை மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தை வேரோடு விட்டு, கதவைத் திறப்பதுபோல் மடித்தார். மண் ஒரு துகளும் சிந்தாமல், விரித்திருந்த பழைய சாரத்துணியில் விழுந்தது. உலோகத்தை எடுத்ததும் சாரத்தைத் தூக்கி மண்ணைக் குழிக்குள் கவிழ்த்தார். புல்லை மூடி, உள்ளங்கையால் அழுத்தி, தண்ணீர் தெளித்து, சாய்ந்த புல்நுனிகளை விரலால் நிமிர்த்தினார்.

“பெத்த பிள்ளையின்ர தலையை ஒருநாளும் உப்பிடிச் சீவி இழுத்துவிடேல்லை,” என்றார் ஜெயமலர்.

ஆணிகள் வந்தன, ஒரு லாடம் வந்தது, விக்ரோறியா மகாராணியின் தலை பொறித்த பெரிய செப்புச் சத நாணயம் ஒன்றும் வந்தது. கடைசியாக, தைக்கும்போது விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் வெள்ளி உறை கிடைத்தது.

மதியம் ஸ்டெபனி புற்றரையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு மறுபடியும் நடந்தார். ஓரிடத்தைச் சுட்டினார். அது அணிலின் வேலை என்றார் தியாகலிங்கம், சற்று மனம் நொந்து. கிளறிக் காட்டியபோது உள்ளே ஓக் கொட்டை இருந்தது. ஸ்டெபனி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பிறகுதான் வெள்ளி உறையைக் கையில் எடுத்தார். அந்த வீட்டில் தையல் அறிந்தவர் தம் பாட்டியின் தாயான பூட்டி ஒருவரே. அவர் முற்றத்தில் இருந்துதான் தைப்பாராம், எவ்விடத்தில் என்பது எவருக்கும் தெரியாதாம். எடுத்த இடத்தைக் காட்டுமாறு கேட்டார்.

தியாகலிங்கம் மிடுக்காக நடந்துபோய் மேப்பிள் மரத்துக்கும் கிணற்றுக்கும் இடையே நின்றார். இடப்புறம் சற்று நகர்ந்தார். குனிந்தார், முழங்காலிட்டார். கருவியை ஓட்டிப் பார்த்தார். உலோகம் வெளியேறிய மண்ணைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவுமில்லை. புல் எங்கும் ஒன்றுபோலவே நின்றது.

“என்ன, குழியையும் துலைச்சுப்போட்டியளே?” என்றார் ஜெயமலர்.

வெட்கப்படவேண்டிய வேளை அது என்பது தியாகலிங்கத்துக்குத் தெரிந்தது, வெட்கந்தான் வரவில்லை. எழுந்து, முழங்காலைத் தட்டி, நிமிர்ந்து நின்று, பட்டமளிப்பு மேடையில் நிற்பவர்போல, “காணேல்லை,” என்றார்.

ஸ்டெபனிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே என்ற அளவு தமக்குப் போதும் என்று சொல்லி, உறையை விரலில் மாட்டிக்கொண்டு, தோட்டத்துப் படலையைத் தாமே திறந்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: இனி எதை எடுத்தாலும், மூடியவுடன் அவ்விடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட வேண்டும்.

“குச்சியை நான் நடுறன்,” என்றார் ஜெயமலர், கதிரையை மடித்தபடி. “உங்களை நம்பேலாது.”

தியாகலிங்கம் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தார்.