வாசலில் சொன்னது

கிளினிக்கில் எண்ணைக் கூப்பிட்டதும் காஞ்சனா புருஷனைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள். காளிதாசனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். போன மாதம் எலிக் காய்ச்சலில் செத்த, கூட வேலை செய்த பரஞ்சோதி நின்ற அதே பள்ளத் தண்ணீரில் நின்றுதான் அவனும் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறான். அந்தப் பயம்தான் அவளை இங்கே விரட்டியிருந்தது.

"டாக்டர், நல்ல மருந்தா குடுங்கம்மா. இவர விட்டா எனக்கு யாரு இருக்கா?"

டாக்டர் தர்மினி நிமிர்ந்தாள். "அக்கா! அந்தக் குரல் நீங்கதானே?"

காஞ்சனாவுக்குத் திக்கென்றது.

போன வருஷம் அவள் கூட்டிப் பெருக்கிய மருத்துவக் கல்லூரியில், டாக்டர்களுக்குக் கம்ப்யூட்டரில் பயிற்சி விளையாட்டு செய்யும் மனோகரன்தான் வந்து கேட்டான். "டாக்டருங்க கண்ணுல ஒரு பெட்டி மாட்டிக்குவாங்கக்கா. உள்ள பொம்மை நோயாளி, பொம்மை பொஞ்சாதி. வெறும் சளிக் காய்ச்சல்தான். ஆனா அவ ஆண்டிபயாட்டிக் கேட்டு அழுவா. டாக்டர் மசியாம இருக்காரான்னு பாக்கணும். அழற குரல் உங்களோடது."

"பொய்யாவா அழணும் தம்பி?"

"நெசம் மாதிரி லா. கடைசில வாசல் வரைக்கும் போயி, திரும்பி, புதுசா ஒரு வலி சொல்லுங்க. அங்கதான் முக்கால்வாசிப் பேரு விழுவாங்க."

அவள் அழுத அழுகைக்கு எல்லாரும் கைதட்டினார்கள்.

"நாலு தடவ உங்ககிட்ட தோத்தேன்க்கா. அஞ்சாவதுலதான் பாஸ்," என்று சிரித்தபடி, கண்மூடிச் சாய்ந்திருந்தவனின் நெஞ்சில் குழலை வைத்தாள் டாக்டர். "வைரல் காய்ச்சல்தான். பெனடோல் மாத்திரை போதும். மூணு நாள்ல குறையலன்னா வாங்க."

"எதாச்சும் எழுதிக் குடுங்கம்மா. உங்க கால்ல விழறேன்."

சொல்லும்போதே அவள் காதுக்கே கேட்டது, பெட்டிக்குள் சொன்ன அதே வரி. வேறு வார்த்தை தேடினாள். இருந்ததையெல்லாம் அன்றைக்கே அழுது தீர்த்திருந்தாள்.

"உங்க கவலை எனக்குப் புரியுதுக்கா," என்றாள் டாக்டர், பாடம் படித்த மென்மையோடு.

வாசலில் காளிதாசனின் கால் மடங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"டாக்டர், கெண்டைக்காலத் தொட்டா அலறுறாரு. கண்ணும் ரத்தமா செவந்திருக்கு. எங்க பரஞ்சோதி அண்ணனுக்கும்…"

டாக்டர் சிரிப்பு மாறாமல் கையை உயர்த்தினாள். "வாசல்ல திரும்புறீங்க பாத்தீங்களா? அதே எடம் லா, அக்கா."

"இது நெசம்தாம்மா!"

"அன்னிக்கும் அப்படித்தான் சொன்னீங்க."

அடுத்த எண் ஒலித்தது.

வெளியே மோட்டார் சைக்கிளில் ஏறக் காளிதாசனுக்குக் காலைத் தூக்க முடியவில்லை. அவள் குனிந்து இரண்டு கையாலும் தூக்கிப் போட்டாள். அலறினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதடி," என்றான். "நீ அழுதா எவன் நம்புவான்?"

சிடாம் கிரி தோட்டத்து வீடு வரைக்கும், வண்டி ஓட்டிய அவள் முதுகை அவன் நெற்றி சுட்டுக்கொண்டே வந்தது.