இருபத்து மூன்றாம் எண் மீன்கொத்தி

திருட்டுப் போகாமலிருக்க என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்திருந்தும் போய்விட்டதே என்பதுதான் போட்டோகிராபருக்கு ஆறவே இல்லை. பளீரென்று வெள்ளையாக இருந்த பெரிய லென்ஸை, யார் கண்ணையும் உறுத்தக் கூடாதென்று வாங்கிய அன்றே கறுப்பு டேப்பால் சுற்றிவிட்டான். கேமரா கம்பெனி பெயர் போட்ட பையைப் பரணில் எறிந்துவிட்டு, அக்கா தன் மகளுக்கு ஒரு காலத்தில் டயப்பர் தூக்கிய பையில்தான் லென்ஸைக் கொண்டுபோவான். வெளிப்பக்கம் நம்பும்படியாக ஒரு பால் புட்டி. ஜிப்புக்கு நம்பர் பூட்டு, பையிலிருந்து ஏணிக் காலுக்குச் சங்கிலி. பூட்டின் நம்பர் அவசரத்தில் மறந்துபோகக் கூடாதே என்று ஒன்று இரண்டு மூன்று என வைத்திருந்தான். அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவன் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

சம்பவம் நடந்தது ஓர் அலுவலகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு குரூப் போட்டோவில். நூற்று நாற்பது பேர் வரிசையில் நிற்க, ஏணி உச்சியில் இவன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு புண்ணியவான் கண்ணை மூட, முக்கால் மணி நேரம் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏணிக்கு அடியில் யார் குனிந்தார்கள், யார் நிமிர்ந்தார்கள் என்று பார்க்க அவனுக்கு மூன்றாவது கண் இல்லை.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், லென்ஸ் இருந்த இடத்தில் காகிதத்தில் ஓட்டை போடும் பெரிய பஞ்சிங் மெஷின் ஒன்று இருந்தது. பை கனம் குறையக் கூடாதென்று யாரோ எடைக்கு எடை பார்த்து வைத்திருக்கிறார்கள். அதுவும் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியில் பதமாகச் சுற்றி.

மறுநாள் காலை பஞ்சிங் மெஷினோடு போய் நிர்வாக அதிகாரியின் முன்னால் நின்றான். அதிகாரி எதையும் எழுத்தில் நம்புகிற மனிதர். அவர் மேஜை, நாற்காலி, குப்பைத்தொட்டி எல்லாவற்றிலும் ‘சொத்து எண்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. விட்டால் வாட்ச்மேன் முதுகிலும் ஒட்டிவிடுவார்.

“லென்ஸ் போனது எங்க கட்டடத்துலதான்னு எப்படிச் சொல்றீங்க தம்பி?”

“இந்த மெஷின் உங்களுதுதானே சார்?”

அதிகாரி மெஷினைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்தார். பதிவேட்டைப் புரட்டினார்.

“ஆமா, எங்களுதுதான். நேத்துலேர்ந்து காணோம்னு குறிச்சிருக்கு. இதை நீங்க வெளியில எடுத்துட்டுப் போனதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்குனீங்க?”

“நான் எடுத்துட்டுப் போகலை சார். என் பைக்குள்ள—”

“உங்க பைக்குள்ள இருந்துச்சு. சரி. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. ‘எடுத்துச் சென்ற பொருளைத் திருப்பி ஒப்படைத்தேன்’னு. வேற நடவடிக்கை வேண்டாம். சின்ன வயசு, தெரியாம நடந்திருக்கும்.”

போட்டோகிராபர் கையெழுத்துப் போட்டான். ஏன் போட்டான் என்று பிற்பாடு அக்கா நாலு நாள் கேட்டாள். அவனுக்கே தெரியவில்லை. பேனாவிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை மட்டும் ஞாபகமாகச் சொன்னான்.

“பறிகொடுத்தவனே திருடன்னு எழுதிக் குடுத்துட்டு வந்த ஒரே ஆள் நீதான்டா,” என்றாள் அக்கா. ஸ்டுடியோவில் வரவேற்பும் பில் போடுவதும் அவள் பொறுப்பு. “போலீஸ்ல சொன்னியா?”

“சொன்னேன். கறுப்பு டேப் சுத்துன லென்ஸ்னு எழுதிக்கிட்டாங்க. கெடைச்சா சொல்றாங்களாம்.”

“அப்ப விடு.”

“விட மாட்டேன். எவன்னு மட்டும் தெரியட்டும். ஊர் கூடி நிக்கிறப்ப, கைதட்டு விழுற எடத்துல வச்சு அறுக்கிறேன்.”

“முதல்ல அந்தப் பூட்டு நம்பரை மாத்து.”

பெரிய லென்ஸ் இல்லாமல் போனதில் மூன்று பள்ளிகளின் விளையாட்டு விழா கைநழுவியது. நூறு மீட்டருக்கு அப்பால் ஓடுகிற பிள்ளையைச் சின்ன லென்ஸில் எடுத்தால் எறும்பு ஓடுவது போலத்தான் வந்தது. பெற்றோர்கள் எறும்புக்குக் காசு கொடுப்பதில்லை. அவன் ராத்திரி பகல் பாராமல் பழைய லென்ஸ் விற்கிற இணையப் பக்கங்களை மேய்ந்தான். லென்ஸின் அடிப்பகுதியில் பொறித்திருந்த ஒன்பது இலக்க எண் அவனுக்கு மனப்பாடம். அக்கா மகளின் பிறந்த தேதி மனப்பாடமில்லை என்பது வீட்டில் தனி வழக்காக ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது மாதம், அதே அலுவலகத்து முதலாளியிடமிருந்து போன் வந்தது. ஊழியர்களுக்குப் புகைப்படப் போட்டி வைத்திருக்கிறார்களாம். நடுவராக வரவேண்டிய ஓவிய ஆசிரியர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். நாளை மறுநாள் பரிசளிப்பு.

“நீங்கதான் எங்களுக்குத் தெரிஞ்ச போட்டோகிராபர். படங்களை மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க. பேர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். நம்ம அதிகாரி விதியெல்லாம் ரொம்பக் கறாரா எழுதியிருக்கார்.”

கறாராகத்தான் எழுதியிருந்தார், இரண்டு பக்கத்துக்கு. ஏழாவது விதி: படங்களைக் கேமராவிலிருந்து எடுத்த மூலக் கோப்பாகவே தர வேண்டும், திருத்திய, சுருக்கிய படங்கள் நிராகரிக்கப்படும்.

மூலக் கோப்பு என்பது வெறும் படமல்ல. எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எத்தனை மணி, எத்தனை வினாடி என்று அத்தனையும் கண்ணுக்குத் தெரியாமல் அதன் வயிற்றில் எழுதியிருக்கும். லென்ஸின் எண் உட்பட. போட்டோகிராபர்களுக்கு இது பால பாடம். விதி எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்ற விதி எதுவும் இல்லை.

இருபத்து மூன்றாம் எண் படத்தைத் திறந்தபோது அவன் அதன் வயிற்றில் எழுதியிருந்ததைத் தேடவே இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மீன்கொத்தி தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பு. கீழே தண்ணீருக்குள் அதன் நிழல் எதிரே ஏறி வருகிறது. அலகு நுனியும் அலகு நுனியும் இன்னும் தொடவில்லை. இந்தப் படத்துக்கு எத்தனை விடியற்காலை ஒரு மனிதன் சேற்றில் குப்புறக் கிடந்திருக்க வேண்டும் என்று அவன் உடம்புக்குத் தெரிந்தது. அந்த லென்ஸ் அவனிடம் இருந்த இரண்டு வருஷத்தில் சாக்கு ஓட்டமும் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டமும்தான் எடுத்திருந்தான்.

பிறகு விவரங்களைத் திறந்தான். ஒன்பது இலக்கம். ஒன்றுகூடப் பிசகவில்லை. கேமராவுக்குச் சொந்தக்காரர் பெயரும் போட்டிருந்தது. நிர்வாக அதிகாரி தன் பெயரைப் பதவியோடு பதிந்து வைத்திருந்தார்.

“இப்பவாவது போலீஸ்ல போய்க் குடுடா,” என்றாள் அக்கா.

“குடுக்கலாம். ஆனா கைதட்டு இருக்காதே.”

முதலாளிக்குப் போன் செய்து, பரிசு வாங்குபவர்கள் படமெடுத்த கருவியோடு மேடைக்கு வந்தால் மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்றான். நல்ல யோசனை என்றார் முதலாளி. அரை மணியில் சுற்றறிக்கை வந்துவிட்டது, அதிகாரியின் கையெழுத்தோடு. அவருக்கு என்ன பயம்? காணாமல் போனது கறுப்பு லென்ஸ். போலீஸிலும் அப்படித்தான் பதிவு. அவரிடம் இருப்பதோ டேப்பை உரித்துத் துடைத்த வெள்ளை லென்ஸ்.

கூடத்தில் நூற்று நாற்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு. முதல் பரிசு, இருபத்து மூன்றாம் எண். திரையில் மீன்கொத்தி விழுந்ததும் கூடமே ‘ஓ’வென்றது. அதிகாரி எழுந்தபோது கைதட்டல் நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் விளக்கக் கடிதம் மட்டுமே வாங்கிய ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் முகம் சிவந்து, லென்ஸைப் பச்சைப் பிள்ளை போல நெஞ்சோடு அணைத்தபடி மேடையேறினார்.

போட்டோகிராபர் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தான். அவனும் தட்டினான்.

“சார், லென்ஸை ஒரு நிமிஷம் குடுங்க. எல்லாருக்கும் காட்டலாம்.”

கையில் வாங்கித் திருப்பினான். அடியில், எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘சொத்து எண் 118’ என்று ஸ்டிக்கர். அதிகாரியின் கூடப் பிறந்த பழக்கம். நகத்தால் உரித்தான். பையிலிருந்து லென்ஸ் வாங்கிய பில்லை எடுத்து முதலாளியிடம் நீட்டினான்.

“இது அஞ்சு மாசம் முன்னால இதே கட்டடத்துல திருட்டுப் போன லென்ஸோட பில்லு. நம்பரைக் கொஞ்சம் மைக்ல படிங்க சார். நான் இதுல இருக்கிறதைப் பார்த்துக்கிட்டே வர்றேன்.”

சாதாரணமாகப் படிக்கத் தொடங்கிய முதலாளி நாலாவது இலக்கத்தில் மெதுவானார். ஒவ்வோர் இலக்கத்துக்கும் போட்டோகிராபர் “சரி” என்றான். ஒன்பதாவது “சரி”க்குக் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“அதிகாரிதான் வழக்கமா கையெழுத்து வாங்குவார்,” என்றான் போட்டோகிராபர். “இன்னைக்கு அவர்கிட்ட யாராவது வாங்கிடுங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

அதிகாரிக்கு வேலை போவது அன்றே முடிவாகிவிட்டது. போலீஸ் வரும்வரை அவரை மாடிப்படியோரம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். போட்டோகிராபர் லென்ஸோடு இறங்கி வரும்போது அதிகாரி தலை தூக்கினார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தான். அதற்கும் பதில் தயாராக இருந்தது.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“அந்தப் படம். நெசமாவே நல்லாருந்துச்சா?”

போட்டோகிராபர் நின்றான். முந்தின இரவு அந்தப் படத்தை எத்தனை தடவை திறந்து மூடினான் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதிகாரி கண் இமைக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல சார்,” என்றான். “ரொம்ப சுமார். நம்பருக்காகத்தான் பரிசு குடுத்தேன்.”

மேடையில் முதலாளி ஒன்பது இலக்கத்தையும் படித்தபோது கோணாத அந்த முகம் அப்போதுதான் கோணியது. அதை ஆற அமரப் பார்த்துவிட்டு, அவன் மீதிப் படிகளை இறங்கினான்.