உப்புப் போட்ட நீலம்

என் வீட்டுக்காரர் செந்தில்வேல் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவர். சாயம் ஏறி வந்த துணியை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, கலர் ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எங்கள் கூறைச்சேலையையே அப்படித் தேய்த்துப் பார்த்த மனிதர். "ஏனுங்க மாப்பிள்ள, பொண்ணு புடிச்சிருக்குதா, சேலை புடிச்சிருக்குதா?" என்று என் சின்னம்மா கிண்டல் செய்ததற்கு, "ரெண்டும் சாயம் போகாதுங்க" என்றாராம். எனக்கும் அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் ஒரே மகள் கவிப்பிரியா, காலேஜ் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் கெட்டித்தாளை விரித்துக்கொள்வாள். தாளை நனைத்து, மேலே கலரைச் சொட்டுவாள். அது தன் போக்கில் ஓடும். ஆளும் இருக்காது, மரமும் இருக்காது. "இது என்ன கண்ணு?" என்று கேட்டால், "எதுவும் இல்லம்மா, சும்மா பாத்துட்டு இருக்கறதுக்குத்தான்" என்பாள். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

கடைசியாகப் போட்டது முழுக்க நீலம். ஈரம் காயும் முன்னே கல்லுப்பைத் தூவினாள். உப்பு விழுந்த இடமெல்லாம் கலர் விலகி வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. இவர் எட்டிப் பார்த்து, "சாயப்பட்டறையிலயும் உப்புத்தான் கண்ணு போடறாங்க. அப்பத்தான் சாயம் துணியப் புடிக்கும்" என்றார். "ஊட்டுக்குள்ளயும் கம்பெனியாப்பா?" என்று அவரைத் துரத்தினாள். காய்ந்ததும் ஹாலில் மாட்டச் சொன்னாள். மறுநாள் ஸ்கூட்டியில் போனவளை அவிநாசிபாளையத்துக்கு இந்தப் பக்கம் லாரி அடித்துவிட்டது.

காரியம் முடிந்த அன்றே நாத்தனார் தெய்வாத்தாள் ஆரம்பித்துவிட்டார். "புள்ள போட்டோவப் பெருசு பண்ணி, பொட்டு வெச்சு, மாலை போட்டு மாட்டு சாமி. நாலு பேரு வந்து போற ஊடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாலை போட்ட போட்டோ என்ர ஊட்டுச் செவுத்துல ஏறாதுங்க. அவ போட்ட படந்தான் ஏறும்."

அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நீலம் சுவரில் இருந்தால், பிரஷைக் கழுவ இப்போதுதான் எழுந்து போனாள் என்று நினைத்துக்கொள்ளலாம். நான் கேட்டது அவ்வளவுதான். ஊரே என்னைப் பைத்தியமாகப் பார்த்தபோது இவர் ஒருவர்தான் என் பக்கம் நின்றார். "சித்ரா சொல்றாப்லயே இருக்கட்டுங்க்கா. நானே ஃப்ரேம் போட்டுட்டு வர்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். ஹாலில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், படத்தை மேஜையில் வைத்துக் குனிந்து நிற்கிறார். கையில் ஈர வெள்ளைத் துணி. ஓரத்தில் கலர் சரியாக ஏறியிருக்காது என்று கம்பெனியில் நடுவில்தான் தேய்ப்பார்கள். தேய்த்து முடித்த பிறகுதான் துணியைத் திருப்பிப் பார்ப்பார்கள். அப்படியே செய்திருக்கிறார். துணி முழுக்க நீலம். படத்தின் நடுவில் கையகலத்துக்கு வெறும் தாள், அதுவும் திரிதிரியாய் உரிந்து.

"என்னங்க பண்ணிட்டீங்க?"

"செவுத்துல மாட்டுனதுக்கப்பறம் வெளுத்துப் போச்சுன்னா நீ தாங்கமாட்டியேன்னு... எத்தன வருசம் நிக்கும்னு பாக்கலாம்னு..." கையிலிருந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்புப் போட்டாளே சித்ரா. புடிச்சிருக்கும்னு நெனச்சேன்."

சொல்லிக்கொண்டே அந்தத் துணியைத் தாளின் மேல் வைத்து அழுத்தினார். எடுத்ததைத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அழுக்காய் ஒரு கறைதான் பதிந்தது. மறுபடியும் அழுத்தினார்.

"உங்க கை வெளங்குமா!" என்று கத்திவிட்டேன். மகள் போனதிலிருந்து அவரை ஒரு சொல் சொன்னதில்லை. அவர் அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அவரைத் தொடத் தோன்றவில்லை.

மிச்சத்தையாவது மாட்டலாம் என்று சாயங்காலம் படத்தைச் சுவரில் பிடித்துப் பார்த்தேன். எத்தனை நேரம் பார்த்தாலும் பிள்ளையின் கை தெரியவில்லை. இவர் தேய்த்ததுதான் தெரிந்தது. செல்போனை எடுத்துக்கொண்டு நானே ஸ்டுடியோவுக்குப் போனேன். இருந்ததிலேயே அவள் நன்றாகச் சிரித்த போட்டோவைக் காட்டினேன்.

ஸ்டுடியோக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினார். "அடியில தேதி போடோணுங்களாக்கா? தோற்றம் சொல்லுங்க."

பிறந்த தேதியைச் சொன்னேன்.

"மறைவு?"

அதுவரை என் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன்.